கொலு பொம்மைக்கு எந்த மெத்தை: விழுச்சோதனை வழியாக ஓர் ஒப்பீடு

மதுரையை அடுத்த விளாச்சேரியில் செய்யப்படும் மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் வெளியூர்களுக்குப் புறப்படுகின்றன. மொத்த வியாபாரி வண்டி வைத்து ஏற்றிச் செல்லும் சரக்குக்கு வைக்கோலும் பழைய செய்தித்தாளும் போதும். ஏற்றுகிறவருக்கும் இறக்குகிறவருக்கும் உள்ளே இருப்பது பொம்மை என்று தெரியும். பெட்டிகளும் ஒன்றையொன்று தாங்கியபடி நகராமல் போய்ச் சேரும். ஆனால் போனில் படம் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரே ஒரு தசாவதார செட் கேட்கிறவருக்கு அனுப்பும் பெட்டி தனியாகப் பயணம் செய்கிறது. கிளை அலுவலகம், பிரிப்பு மையம், இன்னொரு பிரிப்பு மையம், வீட்டுக்குக் கொண்டுவருபவரின் இருசக்கர வண்டி என்று கை மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் அது கீழே விழ இடமுண்டு. அந்தப் பெட்டிக்குள் பொம்மையைச் சுற்றி எந்த மெத்தையை, அதாவது அதிர்ச்சி தாங்கும் திணிப்பை, எவ்வளவு தடிமனில் வைப்பது, எந்த வழியில் அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்காக இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

முதலில் பணக்கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பத்து பொம்மைகளும் 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள இடத்தில் அடங்குகின்றன என்றும், கட்டி முடித்த பெட்டி 8 கிலோ நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை வைத்தால் பெட்டி 50, 40, 40 என்று வளர்ந்துவிடும். கூரியர் நிறுவனங்கள் பல, நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணை ‘வால்யூம் வெயிட்’ என்று கொண்டு, அதுவும் நிஜ எடையும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. இந்தப் பெட்டிக்கு அது 16 கிலோ. மெத்தையை 3 செ.மீ. ஆகக் குறைத்தால் ஏறக்குறைய 12 கிலோ. அதாவது நிஜத்தில் எட்டே கிலோ எடையுள்ள பொம்மைக்கு, மெத்தைத் தடிமனில் 2 செ.மீ. வித்தியாசம் 4 கிலோ கட்டணமாக மாறுகிறது. ஃபோமின் விலை இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. எனவே கட்டிய பெட்டியைக் குறித்த உயரத்திலிருந்து விழவைத்துப் பார்க்கும் விழுச்சோதனையை ‘உடையாது’ என்று சான்று வாங்கும் சடங்காக நான் கருதவில்லை. எவ்வளவு சிறிய பெட்டியில் உடையாமல் போகும் என்பதைக் கண்டுபிடித்துத் தரும் கருவியாகவே கருதுகிறேன்.

மெத்தை என்ன வேலை செய்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் ஒப்பீடு பாதி முடிந்துவிடும். கட்டட வேலையில் கீழிருந்து வீசும் செங்கல்லை மேலே பிடிக்கிறவர் கையை விறைப்பாக நீட்டி வாங்குவதில்லை. கல்லோடு சேர்த்துக் கையையும் சற்று நகரவிட்டு நிறுத்துகிறார். மெத்தையின் வேலையும் பொம்மையைச் சட்டென்று நிற்கவிடாமல், சிறிது தூரம் பயணம் செய்யவிட்டு நிறுத்துவதுதான். 76 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பெட்டி மணிக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 5 செ.மீ. மெத்தை பாதிக்கு அமுங்குகிறது என்றால் பொம்மை 2.5 செ.மீ. தூரத்தில் நிற்கிறது, அப்போது அதன் மேல் வரும் சராசரி விசை அதன் எடையைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு, உச்சத்தில் 60 மடங்கை ஒட்டி இருக்கும். 3 செ.மீ. மெத்தை என்றால் இது சராசரியில் 50, உச்சத்தில் 100 மடங்காகிறது. கிருஷ்ணர் பொம்மையின் தலை 50 கிராம் என்றால், 60 மடங்கில் அந்தத் தலை கழுத்தின் மேல் 3 கிலோ எடைபோல் ஒரு கணம் உட்காரும். 100 மடங்கில் 5 கிலோ. சுட்ட மண்ணின் கழுத்தில் மயிரிழை விரிசல் ஒன்று ஏற்கெனவே இருந்தால் எது தாங்கும், எது தாங்காது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே தலை தனியாக வந்து சேரும் புகார்களுக்கு இதுதான் காரணம்.

இனி மெத்தைகளுக்கு வருவோம்.

வைக்கோலை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதை இளக்காரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டதுதான். மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கத்து வயல்களிலிருந்து அறுப்புக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும் இந்தப் பொருள், முதல் விழுகையில் நன்றாகவே வேலை செய்கிறது. தளர்வாகத் திணித்த வைக்கோல் நிறைய அமுங்குகிறது. பொம்மைக்கு நிற்கத் தூரம் கிடைக்கிறது. குறை இரண்டாவது கட்டத்தில்தான் வெளிப்படும். நான்கு வழிச்சாலையில் இரவு முழுவதும் குலுங்கிக்கொண்டே போகும் பெட்டிக்குள் வைக்கோல் படிந்து இறுகுகிறது, மேலே காலியிடம் உண்டாகிறது, கனமான மண் பொம்மை மெல்ல மெல்லக் கீழிறங்கிப் பெட்டியின் அடி அட்டையைத் தொட்டுவிடுகிறது. அதன் பிறகு விழுந்தால் வைக்கோல் இருந்தும் இல்லாத நிலைதான். குலுக்காமல் போட்டுப் பார்த்து ‘வைக்கோலே போதும்’ என்று முடிவுக்கு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். இதோடு ஈரம் கோத்தால் பூஞ்சை பிடித்து வர்ணத்தில் கறை ஏறும் தொல்லையும் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் வைக்கோலை எண்ணவே வேண்டாம்; தாவர நோய்த் தடுப்பு விதிகளின்படி அதைப் பொதிபொருளாக ஏற்காத நாடுகள் உண்டு.

பபுள் ரேப் எல்லாரும் அறிந்ததுதான். காகிதக்கூழ் பொம்மைக்கு அது மிகப் பொருத்தம். மண் பொம்மைக்கு அப்படிச் சொல்ல முடியாது: பொம்மையின் பீடத்து விளிம்பு போன்ற குறுகிய இடத்தில் எடை முழுவதும் உட்காரும்போது குமிழ்கள் வெடித்துவிடுகின்றன, அடுத்த விழுகைக்கு அங்கே வெறும் பிளாஸ்டிக் தாள்தான் மிஞ்சுகிறது. பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாள்கணக்கில் வைத்தால், வெடிக்காத குமிழ்களிலிருந்தும் காற்று சிறிது சிறிதாகக் கசிந்துவிடும்.

தெர்மோகோல் முதல் விழுகையில் எல்லாரையும் வியக்க வைக்கும். நொறுங்குவதன் மூலமே அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, நொறுங்கிய பின் பழைய உருவத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு தடவை விழுந்தால் தப்பிக்கலாம். அதே பக்கமாக மறுபடி விழுந்தால் முன்பு பள்ளம் விழுந்த அளவுக்குப் பொம்மை உள்ளே ஆடும். ஒவ்வொரு பொம்மைக்கும் அச்சு வைத்து வார்த்தால் அழகாகப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் அச்சுக்கூலி ஆயிரக்கணக்கில் ஒரே பொருளை விற்கும் தொழிற்சாலைக்குத்தான் கட்டுப்படியாகும்; ஆண்டுதோறும் புது உருவம் செய்யும் பொம்மைக்காரருக்கு அது ஒத்துவராது. தவிர, உதிரும் மணிகள் காயாத வார்னிஷில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

ஈ.பி.ஈ. என்கிற பாலிஎதிலீன் ஃபோம் பற்றிச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மண் பொம்மைக்கு என் பரிந்துரை அதுதான், அதைத் தவறாகப் பயன்படுத்துவதும் மிக எளிது. கடையில் சுருளாகக் கிடைக்கும் மெல்லிய ஈ.பி.ஈ. தாள் கீறல் விழாமல் காக்கும், அதிர்ச்சியைத் தாங்காது. மெத்தையாவது 25 அல்லது 50 மி.மீ. தடிமனுள்ள பலகைதான். அது அமுங்கித் திரும்ப எழுகிறது, அதனால் அடுத்தடுத்த விழுகைகளிலும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. ஆனால் விலை கூடிய ஃபோம் என்பதால் எதற்கும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. மெத்தை அமுங்க வேண்டும் என்றால் அதன்மேல் போதிய எடை அழுத்த வேண்டும். லேசான காகிதக்கூழ் பொம்மையை அகலமான ஈ.பி.ஈ. பலகையின் மேல் வைத்துப் போட்டால் பலகை அசைந்துகொடுப்பதே இல்லை. பொம்மைக்கு அது மரப்பலகைபோலத்தான். அந்தப் பொம்மைக்குப் பபுள் ரேப்போ, கசக்கிய காகிதமோ மேல். மண் பொம்மைக்கும்கூட அடி முழுவதும் பலகை விரிப்பதைவிட, நான்கு மூலையிலும் நடுவிலும் துண்டு துண்டாக வைத்துத் தாங்கும் பரப்பைக் குறைத்தால் அதே தடிமனில் கூடுதலாக அமுங்கும். எவ்வளவு குறைக்கலாம்? அளவுக்கு மீறிக் குறைத்தால் ஃபோம் முழுவதும் நசுங்கி அடிதட்டிவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதற்குத்தான் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாங்கும் இடத்தையும் பார்த்து வைக்க வேண்டும். பீடம், இடுப்பு, முதுகு ஆகிய கெட்டியான இடங்களில் ஃபோம் முட்டுக் கொடுத்து, புல்லாங்குழல் பிடித்த கை, பிரபை, வேல், கொம்பு போன்று நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களைச் சுற்றி எதுவும் தொடாமல் வெற்றிடம் விட வேண்டும். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று கையைச் சுற்றி நன்றாகத் திணிக்கிறார்களே, அந்தத் திணிப்புதான் விழும்போது உடம்பின் எடையைக் கையின் மேல் ஏற்றி ஒடிக்கிறது. செட் பொம்மைகளில் இன்னொரு தொல்லை, ஒரு பொம்மை மற்றொன்றோடு மோதுவது. நெளி அட்டையால் அறை அறையாகத் தடுப்பு வைத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும், செலவும் சொற்பம்.

ரப்பர் பூசிய தேங்காய் நார் மெத்தையும் கிடைக்கிறது. கனமான பொருளுக்கு நன்றாகத் தாங்கும், மட்கவும் செய்யும். ஆனால் நார்த்தூசி வர்ணத்தில் படியும் என்பதால் பொம்மையைத் துணியிலோ தாளிலோ சுற்றிய பிறகே வைக்க வேண்டும். மானாமதுரைக் கடம் போல வர்ணம் பூசாத, திண்மையான மண்பொருளுக்கு இதை முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

சோதனையை எங்கே செய்வது என்பதிலும் மூன்று வழிகள் இருக்கின்றன: சோதிக்காமலே அனுபவத்தை நம்புவது, பட்டறையிலேயே போட்டுப் பார்ப்பது, ஆய்வகத்துக்கு அனுப்புவது. முதலாவதை விரிவாகப் பேசத் தேவையில்லை. போன வருஷம் உடையவில்லை என்பது போன வருஷத்துப் பாதைக்கும் பெட்டிக்கும் உரிய செய்தி.

பட்டறைச் சோதனைக்கு வழிகாட்டியாக இஸ்டா என்ற பன்னாட்டுப் பாதுகாப்புப் போக்குவரத்துச் சங்கத்தின் ‘1ஏ’ முறையை எடுத்துக்கொள்ளலாம். 68 கிலோ வரையுள்ள பெட்டிகளுக்கான எளிய முறை அது. பெட்டியை முதலில் அதிர வைத்து, பிறகு பத்துத் தடவை விழவைக்கச் சொல்கிறது: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பின் ஆறு முகங்கள். உயரம் எடையைப் பொறுத்தது. 10 கிலோவுக்குக் குறைந்தால் 76 செ.மீ., 10 முதல் 19 கிலோ வரை 61, 19 முதல் 28 வரை 46, 28 முதல் 45 வரை 31, அதற்கு மேல் 20. எடை கூடக் கூட உயரம் குறைவதற்குக் காரணம், கனமான பெட்டியை யாரும் உயரத் தூக்குவதில்லை என்பதுதான். மூலையாகத் தேர்ந்தெடுக்கப்படுவது பெட்டி அட்டையின் ஒட்டு வரும் விளிம்பின் அடிமூலை. அட்டைப்பெட்டிக்குப் பலவீனமான இடம் அதுவே. கையில் நேரம் இல்லாதவர்கள் இந்த ஒரு மூலையை மட்டுமாவது போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூலையில் விழும்போது உள்ளே இருக்கும் பொம்மைகள் எல்லாம் ஒரே திசையில் சரிந்து ஒரே கோணத்தில் நெருக்குகின்றன.

அதிர வைக்கும் மேசை பட்டறையில் இருக்காது. கட்டிய பெட்டியைக் குட்டி யானை வண்டியின் பின்தளத்தில், அச்சுக்குப் பின்னால், கட்டாமல் வைத்து உசிலம்பட்டி வரை போய் வரச் செய்தால் வைக்கோல் படிவதும் தடுப்பு அட்டை கழன்றுகொள்வதும் நன்றாகவே தெரிந்துவிடும். ஆய்வகத்து மேசைக்கு இது ஈடாகாது, ஆனால் இரண்டு கட்டுகளை, அதாவது இரண்டு விதமாகப் பொதிந்த பெட்டிகளை, ஒப்பிடுவதற்கு இரண்டும் ஒரே வண்டியில் ஒரே நாளில் போய் வந்தால் போதும்.

தரை சிமென்ட் தளமாக, அசையாததாக இருக்க வேண்டும். மண் தரையிலோ பாய் விரித்தோ போடுவது சோதனையாகாது. விழுச்சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 2248 என்ற பன்னாட்டுத் தரம், சோதிக்கும் பெட்டியைப்போல் 50 மடங்காவது கனமுள்ள தளத்தைக் கேட்கிறது, வீட்டுக் கான்கிரீட் தளம் இதற்குத் தாராளமாகப் போதும். உண்மையான சங்கடம் கையில்தான் இருக்கிறது. முகம் தட்டையாக விழ வேண்டும் என்றால் சாய்வு 2 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று அதே தரம் சொல்கிறது. ஒருவர் கையில் பிடித்து விடும்போது ஒரு கை முந்தி, ஒரு கை பிந்தி, தட்டையாக விழ வேண்டியது விளிம்பில் விழும், விளிம்பில் விழுவது தட்டையாக விழுவதைவிட மெத்தைக்கு எளிதாகவோ கடினமாகவோ அமைந்துவிடும். உத்தரத்துக் கொக்கியில் கப்பி கட்டி, பெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு, சுவரில் 76 செ.மீ. கோடு போட்டு, அசைவு நின்ற பிறகு கயிற்றை அறுத்துவிடுவது பழைய முறை. மூலையிலும் விளிம்பிலும் தொங்கவிட இதைவிட நல்ல வழி இல்லை. முகங்களுக்கு, இரு பக்கமும் கீல் வைத்துச் சட்டென்று கீழே மடியும் பலகையை ஒரு வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். மேசையிலிருந்து தள்ளிவிடுவது மட்டும் வேண்டாம். பெட்டி சுழன்றபடி விழுவதால் எந்த முகம் பட்டது என்பதே தெரியாது.

அளவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். அதிர்ச்சி குறிப்பிட்ட மடங்கைத் தாண்டினால் சிவப்பாகும் ஷாக் ஸ்டிக்கர்கள் 25, 50, 75 என்று பல அளவுகளில் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் அல்லாமல் பொம்மையின் பீடத்தில் ஒட்டினால் மெத்தையை ஒப்பிட உதவும். போனில் உள்ள உணரியை நம்பி ஆப் இறக்குவது வீண்வேலை, பெரும்பாலானவை 8 அல்லது 16 மடங்குக்கு மேல் காட்டாது. அதே போனின் ஸ்லோ மோஷன் வீடியோ மிகவும் பயன்படும். பெட்டி தட்டையாக விழுந்ததா என்பதை அது ஒன்றுதான் நிச்சயமாகச் சொல்லும்.

சோதனைக்கு வர்ணம் பிசகிய பொம்மையைப் பயன்படுத்தலாம், சூளையில் விரிசல் விட்ட பொம்மையைப் பயன்படுத்தக் கூடாது. எத்தனை பெட்டி சோதிப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்துக்கு ஒன்று உடையும் மோசமான கட்டுகூட, மூன்று பெட்டிகள் மட்டும் சோதித்தால் நூற்றுக்கு 73 தடவை ஒன்றும் உடையாமலே தேறிவிடும். நூறு பெட்டி போட்டு உடைக்க யாராலும் முடியாது. அதற்கு மாற்றாக, தேறிய கட்டின் உயரத்தை 76-இலிருந்து 90, 105, 120 என்று உடையும் வரை ஏற்றிப் பார்க்கலாம். 76-இல் இரண்டு கட்டுகளும் உடையாமல் இருந்து, ஒன்று 90-இலும் மற்றது 120-இலும் உடைந்தால் எதில் மெத்தையைக் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது என்று தெரிந்துவிடும்.

அட்டைப்பெட்டியின் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சோதனைக்கு முன் பெட்டியை வைத்திருக்க வேண்டிய வெப்பநிலையும் ஈரப்பதமும் தரங்களில் குறிக்கப்பட்டிருக்கின்றன. நம் போன்ற வெப்பநாடுகளுக்கு 27 பாகை செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் என்ற நிலை வழக்கத்தில் உள்ளது. மதுரையின் ஆடிக் காற்றில் காய்ந்த பெட்டி, ஐப்பசி மழையில் சென்னைக் கிடங்கில் நிற்கும்போது அதே பெட்டி அல்ல. ஈரம் நன்றாக ஏறிய நெளி அட்டை அடுக்கைத் தாங்கும் வலுவில் பாதியை இழந்துவிடக்கூடும். புதிய ஐந்து பிளை (ஐந்து அடுக்கு அட்டை) பெட்டியையே வாங்குங்கள். ஒரு தடவை பிஸ்கட்டோ ஆப்பிளோ சுமந்து வந்த பழைய பெட்டியின் மூலைகள் ஏற்கெனவே நைந்திருக்கும்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வழிக்கு வழி முடிவு மாறுகிறது. மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ் பார்சலாகப் போட்டு, அடுத்த நாள் காலையில் வாடிக்கையாளரே போய் எடுத்துக்கொள்வதானால் கை மாறுவது குறைவு, வால்யூம் வெயிட் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. அங்கே இடத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டு, தடுப்பு அட்டையோடு 5 செ.மீ. மெத்தை வைத்து அனுப்பலாம். குறைந்த தூரத்துக்கு, பெட்டியின் மேல்வாய் வரை இறுக்கித் திணித்த வைக்கோல்கூடப் பரவாயில்லை. லாரி செட்டில் போடுவதானால் சுமை ஏறுவது பெரிய கவலை, பெட்டியின் வலுவுக்குச் செலவிட வேண்டும். கூரியர் என்றால் ஈ.பி.ஈ. துண்டுகளைப் பீடத்துக்கும் மூலைகளுக்கும் வைத்து, 3 முதல் 4 செ.மீ. தடிமனுக்குள் 120 செ.மீ. வரை தேறும் அமைப்பைச் சோதித்துக் கண்டுபிடிப்பதே லாபம். செட் 10 கிலோவைத் தாண்டுகிறது என்றால், அதை இரண்டு பெட்டியாகப் பிரிக்கும் ஆசையைச் சற்று அடக்குங்கள். ஐந்து கிலோப் பெட்டியை ஒற்றைக் கையால் வீசுவார்கள், பன்னிரண்டு கிலோப் பெட்டியை இரண்டு கையால் தூக்கித்தான் வைப்பார்கள்.

ஆய்வகம் எப்போது? வெளிநாட்டு இறக்குமதியாளரோ பெரிய ஆன்லைன் விற்பனைத் தளமோ சோதனை அறிக்கை கேட்டால் மட்டும். 1966-இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இந்தியப் பொதியியல் நிறுவனத்துக்குச் சென்னையில் மையம் உண்டு. நிரப்பிய பெட்டிகளுக்கான ஐ.எஸ். 7028 என்ற இந்தியத் தர வரிசை, இஸ்டா முறை இவற்றில் எதன்படி அறிக்கை வேண்டும் என்பதை வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு மற்றொன்றுக்கு மறுபடி கட்ட நேரும். பட்டறையில் 120 செ.மீ. வரை தேறிய கட்டை மட்டும் கொண்டுபோனால் கட்டணம் ஒரு தடவையோடு முடியும். சோதனைப் பெட்டிகளைக் கூரியரில் அனுப்பாமல் கையோடு கொண்டுபோவது நல்லது; வழியிலேயே விழுந்து போய்ச் சேர்ந்த பெட்டியை ஆய்வகம் மறுபடி விழவைத்தால் அறிக்கையில் வரும் முடிவு எந்த விழுகையுடையது என்று யாராலும் சொல்ல முடியாது.